விறகு விற்றவரும் ஹேமநாதரும்: 'திருவிளையாடல்' படக் குரல்கள் பற்றிய ரசிகர் விவாதம்

ஏ.பி. நாகராஜன் இயக்கத்தில் 1965-ஆம் ஆண்டு வெளிவந்த 'திருவிளையாடல்' திரைப்படத்தில் ஓர் இசைப்போட்டி வருகிறது. போட்டியில் யார் வென்றார் என்பதைப் படம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறது. ஆனால் படம் பார்த்தவர்கள் அந்தத் தீர்ப்பை முழுமையாக ஏற்கவில்லை. தோற்றவரின் பாட்டே சிறந்தது என்று ஒரு தரப்பும், வென்றவர் வென்றது சரியே என்று மற்றொரு தரப்பும் அறுபது ஆண்டுகளாக வாதிட்டு வருகின்றன. தமிழ்த் திரையிசை ரசிகர்களிடையே இவ்வளவு நீண்டகாலம் நீடித்த குரல் விவாதம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. மதுரை வட்டாரத்தில் இவ்விவாதத்துக்குத் தனிச்சூடு உண்டு. கதை நடப்பது மதுரையில். வென்ற குரல் மதுரையில் பிறந்தவருடையது. மூன்றாவதாக ஒரு குரல் உண்டு. அது மதுரைக்கு மேற்கே வைகைக்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தது. அம்மூன்றாவது குரலை விட்டுவிட்டு இருவருக்கிடையிலான போட்டியாக மட்டும் பேசுவதே இந்த விவாதத்தின் குறை என்பது இக்கட்டுரையின் கருத்து.

கதையும் குரல்களும்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் 'விறகு விற்ற படலம்' என்ற பகுதியே இக்கதைக்கு மூலம். வடநாட்டிலிருந்து ஏமநாதன் என்ற யாழ்வல்லான் வரகுண பாண்டியனின் அவைக்கு வருகிறான். அவனை எதிர்த்துப் பாட பாணபத்திரர் அழைக்கப்படுகிறார். பாணபத்திரர் அஞ்சி ஆலவாய் இறைவனிடம் முறையிட, இறைவன் விறகு விற்கும் கிழவனாக வந்து ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சாதாரிப் பண்ணைப் பாடுகிறார். யாரென்று கேட்டால், பாணபத்திரரிடம் பயின்று, தகுதி இல்லை என்று தள்ளப்பட்ட மாணவன் என்கிறார். தள்ளப்பட்டவனே இப்படிப் பாடினால் ஆசிரியர் எப்படிப் பாடுவார் என்று அஞ்சிய ஏமநாதன் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடுகிறான்.

படத்தில் ஏமநாதன் ஹேமநாத பாகவதர் ஆகிறார். டி.எஸ். பாலையா நடித்தார்; அவருக்குப் பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா. பாடல் 'ஒரு நாள் போதுமா'. விறகு விற்கவரும் சிவனாக நடித்தவர் சிவாஜி கணேசன். அவருக்குப் பாடியவர் டி.எம். சௌந்தரராஜன். பாடல் 'பாட்டும் நானே'. பாணபத்திரராக நடித்த டி.ஆர். மகாலிங்கம் தன் பாடலைத் தானே பாடினார். பாடல் 'இசைத்தமிழ் நீ செய்த'. மூன்றையும் எழுதியவர் கண்ணதாசன், இசையமைத்தவர் கே.வி. மகாதேவன். ஒரே கவிஞர், ஒரே இசையமைப்பாளர், ஒரே கதைப்பகுதி. குரல் மட்டுமே வேறு. குரல்களை ஒப்பிட்டுப் பேச இதைவிட நல்ல களம் ரசிகருக்கு அமைவது அரிது.

தரப்புகள்

பாலமுரளிகிருஷ்ணாவை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் ராக ஞானத்தை முன்வைக்கிறார்கள். 'ஒரு நாள் போதுமா' மாண்ட் ராகத்தில் தொடங்கி ராகமாலிகையாகச் செல்வது. தோடி, தர்பார், மோகனம், கானடா என்று ராகங்கள் மாறும்போது, அந்தந்த ராகத்தின் பெயர் பாடலின் சொல்லுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். சொல் வருமிடத்தில் ராகமும் வரும். கவிஞரும் இசையமைப்பாளரும் கூடி விளையாடிய விளையாட்டு அது. அதைப் பாடும் குரல் எங்கும் திணறுவதில்லை. மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது ஏறுகிறோம் என்ற அறிவிப்பு இல்லை, இறங்கும்போது இறங்கிவிட்டோம் என்ற நிம்மதியும் இல்லை. இதைக் கேட்டபின் எதிர்ப்பாட்டு பாட ஒருவர் வேண்டுமென்று கதைக்காகத்தான் சொல்லலாம், காதுக்காக அல்ல என்பது இத்தரப்பின் வாதம்.

டி.எம்.எஸ். தரப்பின் வாதம் சொல்லிலிருந்து தொடங்குகிறது. அவர் பாடும்போது ஒரு மெய்யெழுத்துகூட உதிர்வதில்லை. லகர, ளகர, ழகரங்கள் தனித்தனியாக நிற்கும். தமிழ்ப்பாட்டைத் தமிழாகப் பாடியவர் அவரே. மற்றவர்கள் ராகத்தைப் பாடினார்கள் என்பார்கள். இரண்டாவதாக, அவர் குரல் சிவாஜியின் உடம்போடு ஒட்டுகிறது. திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அந்த விறகு விற்பவரின் மார்பிலிருந்தே அக்குரல் வருவதாகப் பார்வையாளர் நம்புகிறார். 'பாட்டும் நானே' பாட்டு நிற்கும்போது காற்றும் அலையும் நிற்கின்றன, தொடங்கும்போது அசைகின்றன. பல சிவாஜிகள் ஒரே சட்டகத்தில் அமர்ந்து வெவ்வேறு வாத்தியங்களை இசைக்கிறார்கள். இக்காட்சியை ஒரு மெல்லிய குரல் தாங்கியிருக்குமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இரு தரப்பும் தத்தம் நிலையில் சரியாகவே பேசுகின்றன. ஆனால் வாதம் சூடேறும்போது வேறு அளவுகோல்கள் உள்ளே வந்துவிடுகின்றன. டி.எம்.எஸ். 'கத்துகிறார்' என்பது ஒன்று. பாலமுரளிகிருஷ்ணாவின் தமிழ் 'ஆந்திரத் தமிழ்' என்பது மற்றொன்று. முதலாவது, கச்சேரி சபையின் காதை வைத்துக்கொண்டு நாடகக் குரலை அளப்பது. இரண்டாவது, குரலை விட்டுவிட்டுப் பிறந்த ஊரை அளப்பது. 'ஒரு நாள் போதுமா' பாட்டைத் திரும்பக் கேட்டுப்பார்த்தால் உச்சரிப்பில் குறை கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டியிருக்கும். காரைக்குடி ராஜாமணி ஐயங்காரிடம் முறையாகப் பயின்ற டி.எம்.எஸ்.ஸுக்கு ராகம் தெரியாது என்பதும் அதே அளவுக்குப் பொருளற்றது. 'பாட்டும் நானே' கௌரிமனோகரியில் அமைந்தது. 23-ஆவது மேளகர்த்தா ராகம். அதில் வரும் ஸ்வரக்கோவைகளை ராகம் அறியாதவர் பாடிவிட முடியாது.

யார் குரலில் ஆணவம்?

படத்தின் கதைப்படி ஹேமநாதர் ஆணவக்காரர், ஆணவம் அடங்க வேண்டும் என்பதே போட்டியின் பொருள். இங்குதான் காது கதைக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

'ஒரு நாள் போதுமா' பாடலின் சொற்களில் தற்பெருமை உண்டு. பாலையாவின் தோளிலும் கழுத்திலும் புருவத்திலும் அது வழிகிறது. தமிழ்த்திரையில் ஆணவத்தை நகைச்சுவையாகவும் அச்சமூட்டுவதாகவும் ஒரே நேரத்தில் நடித்துக்காட்ட முடிந்த சிலரில் அவர் ஒருவர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கேட்டால் அந்த ஆணவம் எங்கே? குரலில் இருப்பது மகிழ்ச்சி. பாடத் தெரிந்தவன் பாடும்போது அடையும் எளிய, ஏறக்குறையக் குழந்தைத்தனமான மகிழ்ச்சி. அக்குரல் யாரையும் வெல்ல முயலவில்லை. எதிரில் யாரேனும் இருப்பதைக்கூட அது அறிந்ததாகத் தெரியவில்லை.

'பாட்டும் நானே' நேர்மாறானது. பாட்டு, அதன் உணர்வு, அசைவு எல்லாம் தானே என்று அறிவிக்கும் பாடல் அது. ஹேமநாதர் தன் பாட்டைத்தான் புகழ்ந்தார்; விறகு விற்பவர் பாட்டு என்ற ஒன்றையே தனதாக்கிக்கொள்கிறார். தற்பெருமை என்று பார்த்தால் இதுவே பெரிது. பாடுபவர் இறைவன் என்பதால் அது தற்பெருமை அல்ல, உண்மை என்று கதை நம்மைச் சமாதானப்படுத்துகிறது. டி.எம்.எஸ். இதைச் சரியாகப் புரிந்துகொண்டு பாடியிருக்கிறார். அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை, ஆணை இருக்கிறது. ஒவ்வொரு அடியும் முடிந்த தீர்ப்பு போல வந்து விழுகிறது. கேட்பவர் ரசிப்பதற்கு முன் பணிகிறார்.

ஆகவே டி.எம்.எஸ். பாடியது பாலமுரளிகிருஷ்ணாவுக்கு எதிர்ப்பாட்டே அல்ல என்று தோன்றுகிறது. ஒருவர் பாடுகிறார், மற்றவர் ஆணையிடுகிறார். இவ்விரண்டில் எது சிறந்தது என்று கேட்டால் விடை வராது. கேள்வி தவறு. கே.வி. மகாதேவன் இதை அறிந்தே செய்திருக்க வேண்டும். ராகமாலிகைக்கு எதிராக இன்னொரு ராகமாலிகை அமைத்து, அதைவிடக் கடினமாக்கி, ஏட்டிக்குப் போட்டியாக விட்டிருக்கலாம். பல திரைப்படங்களில் இசைப்போட்டி அப்படித்தான் நடக்கிறது. அவர் அதைச் செய்யவில்லை. பல ராகத்துக்கு எதிரே ஒரே ராகம், விளையாட்டுக்கு எதிரே நிலைத்தன்மை என்று வைத்தார். தோற்கப்போகிறவரின் பாட்டு என்பதற்காக முதல் பாட்டில் ஒரு சங்கதியைக்கூட அவர் குறைத்துக்கொடுக்கவில்லை. விவாதம் இத்தனை ஆண்டு நீடிப்பதற்கு அவருடைய நேர்மையே முதல் காரணம்.

மேடையும் குழாயும்

மதுரை வட்டாரத்து ரசிகர்கள் இவ்விவாதத்தில் ஏன் பெரும்பாலும் டி.எம்.எஸ். பக்கம் நிற்கிறார்கள் என்பதற்கு 'நம்ம ஊர்க்காரர்' என்பதே விடையாகச் சொல்லப்படும். டி.எம்.எஸ். 1922-இல் மதுரையில் ஒரு சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். 2023-இல் மதுரை முனிச்சாலையில் அவருக்குச் சிலையும் திறக்கப்பட்டது. ஊர்ப்பற்று உண்டுதான். ஆனால் அது மட்டும் காரணம் அல்ல. இவ்வட்டாரத்தின் காது எங்கே பழகியது என்று பார்க்க வேண்டும்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மதுரையை மையமாகக் கொண்டு நாடகங்களை அமைத்தார். அவருடைய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' முதலியவை இன்றும் இவ்வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் விடியவிடிய 'ஸ்பெஷல் நாடகம்' என்ற பெயரில் நடக்கின்றன. ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்திப்பார்கள். வள்ளிக்கும் வேலனுக்கும், வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் 'தர்க்கம்' நாடகத்தின் உச்சம். பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல். கீழே மணலில் உட்கார்ந்திருப்பவர்கள் அன்றிரவே யார் குரல் நின்றது, யார் குரல் உடைந்தது என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். இரண்டு குரல்களை ஒரே மேடையில் வைத்து ஒப்பிடுவது இங்கே திரைப்படத்துக்கு முன்பே இருந்த பழக்கம். ஏ.பி. நாகராஜனும் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சிறுவயதில் நடித்து வளர்ந்தவர். 'திருவிளையாடல்' படத்தின் இசைப்போட்டியைத் திரையில் வந்த ஒரு தர்க்கம் என்று சொன்னால் மிகையாகாது.

ஒலிவாங்கி வராத காலத்தில் இம்மேடைக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. கடைசி வரிசையில், மாட்டுவண்டியின் மேல் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் கேட்க வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) அப்படிப்பட்ட குரலுக்கு இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறார். உச்ச சுருதி, திறந்த தொண்டை, சொல்லைப் பிளந்துவைக்கும் உச்சரிப்பு. எம்.கே. தியாகராஜ பாகவதர் அவ்வழியில் வந்தவர். தியாகராஜ பாகவதரைப் போலப் பாடியே டி.எம்.எஸ். திரைக்கு வந்தார், 1950-இல் வெளியான 'கிருஷ்ண விஜயம்' படத்தில் அவர் குரலில் அந்தச் சாயலை நன்றாகவே கேட்கலாம். எனவே டி.எம்.எஸ்.ஸின் முழுத்தொண்டை ஒரு தனிமனிதரின் விருப்பம் மட்டுமல்ல, ஒரு மேடையின் தேவை.

மேடை போனபின் குழாய் வந்தது. மதுரைக்கு மேற்கே தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையை அடுத்து உள்ள கீழக்குயில்குடியை எடுத்துக்கொள்ளலாம். சமணர் மலையின் அடிவாரத்தில், தாமரைக் குளத்தை ஒட்டி, ஆலமரங்களின் கீழ் அய்யனாரும் கருப்பசாமியும் இருக்கும் ஊர். (பெயரிலேயே குயிலை வைத்திருக்கும் ஊரைக் குரல் பற்றிய கட்டுரையில் விட்டுவிட முடியாது.) இது போன்ற ஊர்களில் திருவிழா என்றால் ரேடியோ செட் கட்டுவார்கள். கூம்பு ஒலிபெருக்கியைத்தான் 'குழாய்' என்பது. மரக்கொம்பிலோ மூங்கில் கம்பத்திலோ வயலைப் பார்த்துக் கட்டப்படும். சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு முதலில் ஒலிக்கும். அது ஏறக்குறைய எழுதாத சட்டம். அதன்பின் டி.எம்.எஸ்.

கூம்பு ஒலிபெருக்கி எல்லாக் குரலையும் சமமாக நடத்துவதில்லை. கீழ்ச்சுருதியின் கனத்தையும் நுண்ணிய மூச்சையும் அது விழுங்கிவிடும். நடுச்சுருதியில் அழுத்தமாக வரும் ஒலியை மட்டும் காற்றில் தூக்கி வெகுதூரம் கொண்டுபோகும். பி.பி. ஸ்ரீனிவாஸின் குரலை வானொலிப் பெட்டி அருகில் உட்கார்ந்து கேட்டால் காதோரம் பேசுவது போல் இருக்கும். குழாயில் போட்டால் அதில் பாதி காணாமல் போகும். பாலமுரளிகிருஷ்ணாவின் சங்கதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டி.எம்.எஸ்., சீர்காழி, டி.ஆர். மகாலிங்கம் ஆகியோர் குரல்கள் வயலைத் தாண்டி மலைப்பாறையில் பட்டுத் திரும்பிவந்தாலும் சொல் சிதையாது. நடவு வயலில் நிற்பவருக்குக் கேட்டது இந்தக் குரல்கள்தாம். மேடைக்காக உருவான தொண்டையைக் குழாய் இன்னொரு தலைமுறைக்கு நீட்டித்துக்கொடுத்தது. அதற்குப் பழகிய காதுக்கு டி.எம்.எஸ். 'கத்தவில்லை'. தெளிவாகப் பேசினார்.

இதை மறுபுறமும் சொல்ல வேண்டும். கூம்பு ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடுகள் வந்து, பெட்டி ஒலிபெருக்கிகளும் பின்னர் காதில் பொருத்தும் கருவிகளும் வந்தபின், புதிய தலைமுறை ரசிகர்களின் சாய்வு மாறியிருக்கிறது. காதுக்குள்ளேயே ஒலிக்கும்போது பாலமுரளிகிருஷ்ணாவின் கமகங்கள் ஒவ்வொன்றும் தனியே கேட்கின்றன, டி.எம்.எஸ்.ஸின் அழுத்தம் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. முப்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் இரண்டு பாட்டில் எது பிடிக்கும் என்று கேட்டுப்பார்த்தால், 'ஒரு நாள் போதுமா' என்பவர்களே எனக்கு அதிகம் கிடைக்கிறார்கள். ரசனை உயர்ந்துவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளத் தேவையில்லை. கேட்கும் இடம் மாறிவிட்டது.

மூன்றாவது குரல்

டி.ஆர். மகாலிங்கம் (1924–1978) சோழவந்தானை அடுத்த தென்கரையில் பிறந்தவர். கீழக்குயில்குடிக்கு வடக்கே நாகமலை நீண்டு கிடக்கிறது. அதைத் தாண்டிப் போனால் வைகை, அதன் கரையில் தென்கரை. சிறுவனாக நாடக மேடையில் ஏறி, கிட்டப்பாவின் பாணியைத் தொண்டையில் ஏற்றிக்கொண்டவர். 'நந்தகுமார்' (1938) படத்தில் திரைக்கு வந்து, 'ஸ்ரீ வள்ளி' (1945) படத்தில் நாடறிந்தவரானார். சொந்தப் படங்களால் பொருளிழந்து ஒதுங்கியிருந்தவர், 'மாலையிட்ட மங்கை' (1958) மூலம் மீண்டுவந்தார். 'திருவிளையாடல்' வந்தபோது அவரது காலம் பெரும்பாலும் முடிந்திருந்தது. பின்னணிக் குரலுக்கு வாயசைக்கும் நடிகர்கள் நடுவே தன் குரலில் தானே பாடிய பழைய ஆள்.

படத்தின் இசைப்போட்டியில் அவர் போட்டியிடவே இல்லை. போட்டிக்கு முன் கோயிலில் அழுகிறார். அவ்வளவுதான். அதனால் ரசிகர் விவாதம் அவரைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் கதைக்குள் ஒவ்வொரு பாட்டும் என்ன செய்தது என்று பார்த்தால் கணக்கு மாறும். ஹேமநாதரின் பாட்டு அரசவையை மயக்கியது. விறகு விற்பவரின் பாட்டு ஹேமநாதரை ஊரைவிட்டு ஓடவைத்தது. பாணபத்திரரின் பாட்டு இறைவனைக் கருவறையிலிருந்து இறக்கித் தலையில் விறகைச் சுமக்கவைத்தது. மூன்றில் எது பெரிய காரியம் என்பதைக் கதையே சொல்லிவிடுகிறது.

அந்தப் பாட்டில் மகாலிங்கத்தின் குரல் உச்சத்தில் லேசாகக் கிழிகிறது. பயிற்சி பெற்ற பாடகர் மறைத்திருப்பார். பாலமுரளிகிருஷ்ணாவுக்குக் கிழிந்திருக்காது, டி.எம்.எஸ். அதைக் கம்பீரமாக்கியிருப்பார். மகாலிங்கம் இரண்டும் செய்யவில்லை. தமிழிசையின் மானம் தன் தலையில் விழுந்துவிட்டது, தன்னால் முடியாது என்று ஒருவன் கதறும் இடத்தில் குரல் முழுமையாக இருந்திருந்தால்தான் பிழை. ராஜபார்ட் பாடகர்கள் மேடையில் அழுதபடி உச்சசுருதியில் நிற்பார்களே, அந்த வித்தை இது. கச்சேரியிலும் கிடையாது, பின்னணிப் பாட்டிலும் அருகிவிட்டது. மதுரை மேற்கு வட்டாரத்து வயதான நாடக ரசிகர்கள் சிலர் மட்டுமே இன்றும் மூவரில் மகாலிங்கமே என்பார்கள். சிறுபான்மை வாதம். என் வாக்கும் அதற்கே.

குரல் ஒன்று, முகம் ஒன்று

மேலைநாட்டு ராக் இசைக்குழுக்களின் ரசிகர்களிடமும் இதே போன்ற சண்டைகள் உண்டு. பிளாக் சபாத் குழுவிலிருந்து 1979-இல் ஓசி ஆஸ்பர்ன் விலக்கப்பட்டு, ரோனி ஜேம்ஸ் டியோ வந்து மறு ஆண்டு 'ஹெவன் அண்ட் ஹெல்' தொகுப்பு வெளியானது. இருவரில் யார் குரல் அக்குழுவின் உண்மையான குரல் என்று அதன் ரசிகர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். குழு என்பது மாறாதது, பாடகர் மாறுபவர் என்பது அவ்வாதத்தின் அடிப்படை. தமிழ்நாட்டில் குழுவின் இடத்தில் நடிகரின் முகம் இருந்தது. 'பராசக்தி' (1952) படத்தில் சிவாஜிக்குப் பாடியவர் சி.எஸ். ஜெயராமன். 'தூக்குத் தூக்கி' (1954) படத்தில் டி.எம்.எஸ். வந்தார், பிறகு சிவாஜியின் குரல் என்றால் அவரே என்றாயிற்று. அதே 1954-இல் 'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். ஒரு தொண்டை, எதிரெதிர் இரண்டு ரசிகர் மன்றங்கள். எம்.ஜி.ஆருக்கு மூக்கொலி சற்றுக் கூட்டியும் சிவாஜிக்கு அடிவயிற்றிலிருந்தும் அவர் பாடியதாக ரசிகர்கள் நுட்பமாகப் பிரித்துச் சொல்வார்கள். 'அடிமைப்பெண்' (1969) படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் எம்.ஜி.ஆருக்குப் பாடியபோது முணுமுணுத்தவர்கள், அப்பாட்டின் மெட்டைப் பற்றி முணுமுணுக்கவில்லை. அந்த முகத்துக்கு வேறு குரல் எப்படி என்பதே குறை.

'திருவிளையாடல்' விவாதத்தில் இந்தச் சிக்கலும் கலந்திருக்கிறது. டி.எம்.எஸ். வென்றார் என்பவர்களில் கணிசமானோர் உண்மையில் சிவாஜி வென்றதைச் சொல்கிறார்கள். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலை எந்த நடிகரின் முகத்தோடும் ரசிகர்கள் ஒட்டவில்லை. 'கலைக்கோவில்' (1964), 'கவிக்குயில்' (1977) என்று அவர் பாடிய சில திரைப்பாடல்களும் அப்படித்தான், முகமில்லாமல் நினைவில் நிற்கின்றன. பாலையாவின் முகத்தை அவர் குரலிலிருந்து உரித்தெடுப்பது எளிது. சிவாஜியை டி.எம்.எஸ்.ஸிடமிருந்து உரிக்க முடியாது. இதை ஒருவருடைய பலமாகவும் கொள்ளலாம், மற்றவருடைய பலமாகவும் கொள்ளலாம்.

புராணத்தின் தீர்ப்புகள்

திருவிளையாடல் புராணத்தில் மோதல்கள் நிறைய உண்டு, எல்லாமே ஒரே விதமாக முடிகின்றன. சமணர்கள் வேள்வியில் தோற்றுவித்து ஏவிய பாம்பைப் பாண்டியன் அம்பெய்து வீழ்த்த, அது மலையாகிக் கிடக்கிறது என்கிறது 'நாகமெய்த படலம்'. அந்த நாகமலைதான் கீழக்குயில்குடிக்கு வடக்கே கிடப்பது. ஊருக்கு அந்தப் பக்கம் புராணத்தில் தோற்ற பாம்பு. இந்தப் பக்கம் சமணர் மலையின் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும், புராணத்தில் தோற்றவர்கள் செதுக்கிவைத்த தீர்த்தங்கரர் உருவங்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்களும் உள்ளன. புராணம் அவர்களைத் தோற்கடித்துவிட்டது. பாறை அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஹேமநாதருக்கும் அதுவே நடந்திருக்கிறது. இரவோடிரவாக ஓடியவரின் பாட்டு ஊரைவிட்டுப் போகவில்லை. 'ஒரு நாள் போதுமா' பாட்டை முதலில் சீர்காழி கோவிந்தராஜனிடம் கேட்டதாகவும், தோற்பவருக்கான பாட்டு என்பதால் அவர் மறுத்துவிட்டதாகவும் திரையிசை ரசிகர்களிடையே ஒரு செய்தி உலவுகிறது. அது உண்மையோ பொய்யோ, ரசிகர்கள் அதைத் திரும்பத்திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோற்பவருக்குக் குரல் கொடுத்தால் குரலும் தோற்றதாகுமா என்ற ஐயம் அவர்களுக்கே இருக்கிறது.

ஏழு ஆண்டுகள் கழித்து அதே ஏ.பி. நாகராஜன் 'அகத்தியர்' (1972) படத்தை எடுத்தார். அகத்தியராக நடித்துப் பாடியவர் சீர்காழி. அதிலும் ஓர் இசைப்போட்டி; எதிரில் ராவணனாக ஆர்.எஸ். மனோகர். இம்முறை தோற்கும் ராவணனுக்குப் பாடியவர் டி.எம்.எஸ். குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் இருவரும் மாறிமாறி உச்சத்துக்குப் போகும் அந்தப் பாட்டு இவ்வட்டாரத் திருவிழாக் குழாய்களில் பலகாலம் ஒலித்தது. ராவணனுக்குப் பாடியதால் டி.எம்.எஸ். தோற்றுவிட்டார் என்று மதுரையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.